1989 ஷெவர்லே பிக்கப்பில் கார்புரேட்டர் எஞ்சினை ஏற்றிய அனுபவம்

என்னிடம் உள்ளது 1989ஆம் ஆண்டு ஷெவர்லே அரை டன் பிக்கப். 5.7 லிட்டர் வி8 எஞ்சின், த்ராட்டில் பாடி வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் டிபிஐ அமைப்பு, 700ஆர்4 எனப்படும் நான்கு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆகியவற்றோடு தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டி. அதன் எஞ்சின் பிளாக்கில் விரிசல் விழுந்துவிட்டது. எஞ்சின் வயரிங்கும் எலி கடித்து, இடையிடையே யாரோ ஒட்டுப்போட்டு, எந்த வயர் எங்கே போகிறது என்று நம்ப முடியாத நிலையில் இருந்தது. கைவசம் இருந்ததோ, 1970களின் நடுப்பகுதியைச் சேர்ந்த, முழுமையாக ரீபில்ட் செய்யப்பட்ட 350 கன அங்குல, அதாவது அதே 5.7 லிட்டர், கார்புரேட்டர் எஞ்சின். இரண்டும் ஒரே குடும்பம். பக்கவாட்டு மவுண்ட் துளைகளும் கியர்பாக்ஸ் பொருந்தும் பின்முகமும் மாறவில்லை. அதனால் வண்டியின் எஞ்சினை இறக்கி, 1970களின் எஞ்சினை ஏற்றும் வேலையைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. டிபிஐ எஞ்சினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர் இத்தனை ஆண்டுகள் சத்தமில்லாமல் செய்துவந்த வேலைகள் என்னென்ன, அவற்றை இனி எது செய்யப்போகிறது என்பதே என் கவலையாக இருந்தது. வேலை முடிந்த பிறகும் அந்தக் கவலை சரியானது என்றே சொல்வேன்.

இதில் இறங்க நினைப்பவர்கள் முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சாலையில் ஓடும் வண்டிக்கு எஞ்சின் மாற்றினால், மாற்றிய பின் அந்த வண்டி அதன் மாடல் ஆண்டிலோ அதற்குப் பிந்தைய ஆண்டிலோ சான்று பெற்ற ஒரு வடிவத்தை ஒத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிலைப்பாடு. 1989 வண்டியில் 1970களின் கார்புரேட்டர் எஞ்சினை வைப்பது இதற்கு நேர் எதிரானது. கலிஃபோர்னியாவில் 1976 முதலான பெட்ரோல் வண்டிகள் புகைப் பரிசோதனைக்கு உட்பட்டவை என்பதால், அங்கே இப்படி மாற்றிய வண்டி தேறாது. என் பிக்கப் பொதுச்சாலையில் ஓடுவதில்லை. தனியார் நிலத்துக்குள் சுமை இழுப்பதற்கு மட்டுமே பயன்படுகிறது. அப்படி இல்லையென்றால் இந்த வேலையைத் தொட்டிருக்க மாட்டேன். டிபிஐ அமைப்பையே பழுது பார்த்திருப்பேன்.

ஸ்பானரை எடுப்பதற்கு முன் வயரிங் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரின் பொறுப்புகளை எழுதினேன். தீப்பொறியின் டைமிங்கை முன்பின் நகர்த்துவது, பெட்ரோல் பம்பின் ரிலேயை இயக்குவது, பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் ஐடில் வேகத்தைப் பிடித்து வைப்பது, எஞ்சினில் தட்டல் எழுவதை உணரும் நாக் சென்சார் சொல்வதைக் கேட்டு டைமிங்கைப் பின்னிழுப்பது, எஞ்சினின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரை வழுக்காமல் பூட்டுவது எனப் பட்டியல் நீண்டது. ஸ்பீடோமீட்டர் மட்டும் அதில் சேராது. கியர்பாக்ஸின் வாலில் இருக்கும் வேக சென்சாரின் சிக்னல் தனியான ஒரு சிறு பெட்டிக்குப் போய், அங்கிருந்து ஸ்பீடோமீட்டருக்கும் பின்சக்கர ஏபிஎஸ்ஸுக்கும் பிரிகிறது. எஞ்சின் வயரிங்கை மொத்தமாக வெட்டி எடுப்பவர்கள் இந்த வயரையும் சேர்த்து வெட்டிவிடுவது உண்டு. நான் அதற்கு முதலிலேயே சிவப்பு நாடா சுற்றி வைத்தேன். கியர்பாக்ஸ் 700ஆர்4 ஆக இருந்தது என் நற்பேறு. 1993 முதல் இதே வரிசை வண்டிகளில் வந்த 4எல்60இ கியர்பாக்ஸில் கியர் மாறுவதையே கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கிறது. அந்த வண்டியாக இருந்திருந்தால் கியர்பாக்ஸுக்கென்று தனிக் கன்ட்ரோலர் வாங்கியிருக்க வேண்டும்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஒரு முக்கியமான வேறுபாடு ஒளிந்திருக்கிறது. 1986 முதல் இந்த எஞ்சின்களின் கிராங்க் ஷாஃப்டுக்குப் பின்பக்கம் ஒரே துண்டாலான ஆயில் சீல் வந்தது. அதற்கு முந்தையவற்றில் சீல் இரண்டு துண்டு. சீலோடு சேர்ந்து கிராங்கின் பின்முனையும் மாறியது. கிராங்கையும் கன்வர்ட்டரையும் இணைக்கும் தட்டு ஃப்ளெக்ஸ் பிளேட். பழையதில் அதன் போல்ட் வட்டம் 3.58 அங்குலம், புதியதில் 3 அங்குலம். எனவே வண்டியிலிருந்து கழற்றிய பிளேட் பழைய எஞ்சினில் ஏறவே ஏறாது. அதைவிட முக்கியம், புதிய எஞ்சினின் பிளேட்டில் சமநிலைக்கான எடை பற்றவைக்கப்பட்டிருக்கும். பழைய 350 எஞ்சினுக்கு எடையில்லாத பிளேட்டே வேண்டும். பழைய எஞ்சினுக்குரிய பிளேட்டைப் பல் எண்ணிக்கை பார்த்து வாங்கி, அதே கன்வர்ட்டரோடு பூட்டினேன். கன்வர்ட்டரைக் கியர்பாக்ஸுக்குள் தள்ளும்போது அதைச் சுழற்றிக்கொண்டே அழுத்த வேண்டும். படிப்படியாக உள்ளே இறங்குவது கையில் தெரியும். கியர்பாக்ஸின் மணி வடிவ முன்பகுதியான பெல் ஹவுசிங் எஞ்சினோடு கையாலேயே முழுதாக ஒட்ட வேண்டும். ஒட்டிய பின் கன்வர்ட்டருக்கும் பிளேட்டுக்கும் இடையே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் போல்ட்டை முறுக்கி இழுத்தால் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் அப்போதே நொறுங்கும்.

முன்பக்க வேலைகள் விரைவில் முடிந்தன. 1988 முதலான பிக்கப்களில் ஒற்றை நீளப் பெல்ட் வாட்டர் பம்பை எதிர்த்திசையில் சுழற்றுகிறது. எனவே பழைய எஞ்சினின் பம்பை விட்டுவிட்டு, எதிர்ச்சுழற்சிப் பம்பையும் வண்டியின் விசிறிக் கிளட்ச்சையும் பொருத்தினேன். வெப்பமானிக்குத் தகவல் அனுப்பும் சென்சாரை வண்டியின் எஞ்சினிலிருந்தே கழற்றி மாற்றினேன். அப்போதுதான் மீட்டர் சரியாகக் காட்டும். பழைய பிளாக்கில் டிப்ஸ்டிக் இடப்பக்கம் என்பதால் அதன் குழாயை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தொடாதபடி வளைக்க நேர்ந்தது.

பெட்ரோல் விஷயத்தில் நிதானம் வேண்டும். டிபிஐ வண்டியில் டாங்க்குக்குள் இருக்கும் மின்பம்ப் சுமார் 9 முதல் 13 பிஎஸ்ஐ அழுத்தம் தருகிறது. கார்புரேட்டரின் ஊசி வால்வு தாங்குவதோ 6 பிஎஸ்ஐயை ஒட்டிய அழுத்தம்தான். அதற்கு மேல் போனால் ஊசி மூடாமல் பெட்ரோல் வழிந்து, சூடான எஞ்சினின் மேல் கொட்டும். மின்பம்பை வைத்துக்கொண்டு ரெகுலேட்டர் போடுவது ஒரு வழி. ஆனால் கம்ப்யூட்டர் போன பிறகு, எஞ்சின் நின்றால் பம்பையும் நிறுத்துவதற்கு ஆளில்லை. விபத்தில் குழாய் அறுந்தாலும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். பழைய பிளாக்கில் மெக்கானிகல் பம்புக்கான இடமும், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டில் அதை இயக்கும் மேடும் இருந்ததால் அதையே தேர்ந்தெடுத்தேன். எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

டாங்க்கை இறக்கி, மின்பம்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குழாயை நீட்டி, அடியில் வலை ஃபில்டரை மாட்டினேன். இங்கே சாதாரண பெட்ரோல் ஹோஸைப் போடக் கூடாது. வெளிப்புறம் எரிபொருளில் மூழ்கியே கிடக்கும்போது அது ஊறி உதிரும். மூழ்கும் பயன்பாட்டுக்கென்றே 30ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ் கிடைக்கிறது. டாங்க்குக்குத் திரும்பும் குழாயை நான் மூடவில்லை. திரும்பும் வழியுள்ள மூன்று முனைப் பம்பை வாங்கி அதோடு இணைத்தேன். பெட்ரோல் சுழன்றுகொண்டே இருந்தால் சூடேறி ஆவியாவது குறைகிறது.

இந்தப் பம்பை மாட்டும்போது கேமுக்கும் பம்புக்கும் நடுவே உள்ள தள்ளுதண்டு கீழே நழுவி நழுவி வந்து எரிச்சலூட்டும். பிளாக்கின் முன்முகத்தில், பம்புக்கு நேராக ஒரு போல்ட் துளை தண்டு வரை செல்கிறது. அங்குள்ள குட்டைப் போல்ட்டைக் கழற்றி, நீளமான ஒன்றை விரலால் மட்டும் திருகி, தண்டை மேலே அழுத்திப் பிடித்து வைக்கலாம். பம்ப் பூட்டியதும் குட்டைப் போல்ட்டைத் திரும்பப் போட்டே ஆக வேண்டும். நீளமானது உள்ளே இருந்தால் தண்டு அசைய முடியாது.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறியைப் பிரித்துக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர். டிபிஐ எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் டைமிங்கை முன்னகர்த்தும் எடைகளோ வேக்யூம் டப்பாவோ கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டரின் கையில். எனவே இரண்டும் உள்ள பழைய பெரிய மூடி ஹெச்இஐ (உயர் ஆற்றல் இக்னிஷன்) டிஸ்ட்ரிபியூட்டரைப் போட்டேன். அதற்கு வேண்டியது ஒரே ஒரு மின்வயர்தான், ஆனால் அதில் சாவி ஆன் நிலையிலும் ஸ்டார்ட் நிலையிலும் முழு 12 வோல்ட் வர வேண்டும். டிபிஐ காயிலுக்கு வந்த வயர் அதற்குப் போதுமானதாக இருந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காற்றைக் குறைக்கும் கார்புரேட்டரின் மின் சோக்குக்கு அதே வயரை இழுக்கக் கூடாது: இக்னிஷனின் பங்கு குறையும், சாவியை ஆன் செய்து வைத்திருந்தாலே எஞ்சின் ஓடாமல் சோக் திறந்தும் விடும். முன்பு பெட்ரோல் பம்புக்கு மாற்று வழியாக மின்சாரம் தந்த ஆயில் பிரஷர் சுவிட்ச் இப்போது வேலையின்றி இருந்தது. அதையே ஒரு ரிலேயோடு சேர்த்துச் சோக்குக்குக் கொடுத்தேன். ஆயில் அழுத்தம் வந்த பின்னரே சோக் சூடேறத் தொடங்குகிறது.

இந்த மாற்றத்தில் கியர்பாக்ஸைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் டிவி எனப்படும் த்ராட்டில் வால்வு கேபிள்தான். த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் அந்தக் கேபிளை பெடலை அழுத்தி மிதித்தால் கியரைக் குறைக்கும் வெறும் கிக்டவுன் கேபிள் என்று பலர் நினைக்கிறார்கள். 700ஆர்4இல் உள்ளே இருக்கும் ஆயில் அழுத்தத்தையே அது நிர்ணயிக்கிறது. அது தளர்வாக இருந்தால் கிளட்ச்கள் போதிய பிடிப்பின்றி வழுக்கி, சிறிது தூரத்திலேயே கருகத் தொடங்கும். கார்புரேட்டரின் லீவரில் கேபிள் மாட்டும் புள்ளி, த்ராட்டில் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதே கணக்கு. என் கார்புரேட்டரின் லீவரில் அந்த வடிவியல் ஒத்துவரவில்லை என்பதால், திருத்தும் லீவரும் பிராக்கெட்டும் தனியே வாங்கினேன். பிறகு கேபிளின் சிறு பொத்தானை அழுத்தி, ஸ்லைடரை முழுக்கப் பின்னே தள்ளிவிட்டு, உள்ளே உட்கார்ந்த நண்பரிடம் ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதிக்கச் சொன்னேன். மிதிக்க மிதிக்க ஸ்லைடர் படபடவென்று பல் தாண்டி வந்து தன் இடத்தில் நின்றது. இதை எஞ்சின் அருகில் நின்று கையால் த்ராட்டிலை இழுத்துச் செய்யக் கூடாது. பெடல் த்ராட்டிலை முழுதாகத் திறக்கிறதா என்பது அப்போது தெரியாமலே போய்விடும். அதன் பிறகும் கியர்பாக்ஸின் பக்கத் துளையில் பிரஷர் மீட்டரை மாட்டி, கேபிளை இழுத்தால் அழுத்தம் சீராக ஏறுகிறதா என்று பார்த்த பின்னரே வண்டியை நகர்த்தினேன். இந்த மீட்டருக்குச் செலவழிக்கத் தயங்குபவர்கள் கியர்பாக்ஸுக்கே செலவழிக்க நேரும்.

கன்வர்ட்டரைப் பூட்டும் சோலனாய்டு எனும் மின்வால்வு கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதன் எர்த்தைத்தான் கம்ப்யூட்டர் கொடுத்துவந்தது. பூட்டாமலே ஓட்டினால் நான்காவது கியரில் கன்வர்ட்டர் ஓயாமல் வழுக்கி ஆயிலைச் சூடேற்றும். நான்காவது கியரில் மட்டும் இணையும் பிரஷர் சுவிட்ச்சைக் கியர்பாக்ஸுக்குள் வைத்து, 12 வோல்ட்டை பிரேக் சுவிட்ச் வழியாக அனுப்பினேன். பிரேக்கைத் தொட்டதும் பூட்டு விடுபட வேண்டும்; இல்லையென்றால் நிற்கும்போது எஞ்சினும் சேர்ந்து நின்றுவிடும். அதிக பாரம் இழுக்கும்போது பூட்டு விலகுவதற்காக ஒரு வேக்யூம் சுவிட்ச்சையும் இதே வழியில் சேர்த்தேன்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன், டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்துவிட்டு, ட்ரில்லால் ஆயில் பம்பைச் சுழற்றினேன். வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் எல்லாவற்றிலும் ஆயில் வழியும் வரை காத்திருந்தேன். கேமும் அதன் மேல் உரசி எழும் லிஃப்டர்களும் புதியவை, அதுவும் உருளையில்லாத தட்டை வகை. எனவே துத்தநாகம் மிகுந்த ஆயிலை ஊற்றி, பற்றியவுடன் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் வேகத்தைச் சற்று ஏற்றி இறக்கிக்கொண்டே அரை மணி நேரம் ஓட்டினேன். பின்னர் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் ஹோஸைக் கழற்றி அடைத்து, ஐடிலில் 10 டிகிரியும், 3000 ஆர்பிஎம்மில் மொத்தம் 34 டிகிரியும் வரும்படி டைமிங்கை நிறுத்தினேன். நாக் சென்சார் இல்லாத எஞ்சினில் இதற்கு மேல் ஆசைப்படக் கூடாது; பாரத்தோடு ஏற்றத்தில் ஏறும்போது தட்டல் கேட்கிறதா என்று காதுதான் கவனிக்க வேண்டும். கலவைத் திருகுகளை வேக்யூம் மீட்டரைப் பார்த்து, முள் அதிகபட்சமாக நிற்கும் இடத்தில் வைத்தேன்.

இப்போது பிக்கப் முன்னைவிட இலகுவாகச் சுமை இழுக்கிறது, கியர் மாறுவதும் மென்மையாக இருக்கிறது. குளிர்ந்த காலையில் டிபிஐ போலச் சாவியைத் திருப்பியதும் அமைதியாக ஓடாது. பெடலை ஒருமுறை மிதித்துச் சோக்கை மூட வேண்டும், சில நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகவே குடிக்கிறது. செங்குத்தான சரிவில் பக்கவாட்டாகச் சாய்ந்து நிற்கும்போது கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்கி, ஐடில் தடுமாறுகிறது. டிபிஐயில் கிண்ணமே இல்லாததால் இந்தத் தொல்லை அதற்குக் கிடையாது. அடுத்ததாக மூடியைத் திறந்து, ஃப்ளோட்டின் உயரத்தைத் தயாரிப்பாளர் தந்த அளவோடு ஒப்பிட்டுச் சிறிதளவு தாழ்த்திப் பார்க்கப்போகிறேன்.