மாவட்டப் பட்டியலை விட்டுவிட்டு தண்ணீரிலிருந்து தொடங்கலாம்

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கணும் என்றால் பெரும்பாலும் நாம் முதலில் கையில் எடுப்பது பட்டியலைத்தான். 38 மாவட்டங்கள், அவற்றின் தலைநகரங்கள், மாநில விலங்கு வரையாடு, பறவை மரகதப்புறா, மரம் பனை, மலர் செங்காந்தள். பிள்ளைகளும் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் அதே பிள்ளையிடம் வரைபடத்தில் மேட்டூரையும் தஞ்சாவூரையும் காட்டி, இதில் எது மேடு, எது பள்ளம், தண்ணீர் எங்கிருந்து எங்கே போகும் என்று கேட்டுப் பாருங்கள், முழிக்கும். பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு மாநிலம் தெரிந்துவிட்டது என்று நாம் நம்புவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

நான் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். "நீ இன்னிக்குக் குடிச்ச தண்ணி எங்கேயிருந்து வந்தது?" இதுதான் முதல் கேள்வி. குழாயிலிருந்து, லாரியிலிருந்து, கேனிலிருந்து என்று பதில் வரும். சரி, குழாய்க்கு எங்கிருந்து வந்தது? இப்படியே பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போகலாம். சென்னைப் பிள்ளை என்றால் இதைவிட நல்ல பாடமே கிடையாது. நகரத்தின் ஒரு பகுதிக்கு 2004 முதல் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து தண்ணீர் வருகிறது, இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாயிலேயே. வீராணத்துக்கு வடவாறு வழியாகக் கீழணையிலிருந்து வருகிறது, கீழணை இருப்பது கொள்ளிடத்தில், கொள்ளிடம் காவிரியிலிருந்து பிரிவது முக்கொம்பில், அதற்கும் மேலே மேட்டூர், அதற்கும் மேலே ஒகேனக்கல், கடைசியில் கர்நாடகத்தின் குடகு மலையில் தலைக்காவிரி. விரலை வரைபடத்தில் வைத்து நகர்த்திக்கொண்டே போகச் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள், எங்க வீட்டுக் குழாய்க்கு இவ்வளவு தூரமா என்று.

அப்புறம்தான் வரலாறு வருகிறது, அதுவும் தானாகவே. இதையெல்லாம் யார் கட்டினார்கள்? வீராணம் பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய ஏரி, முதலாம் பராந்தகனின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரை வைத்து வந்த பெயர். கீழணை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கட்டியது. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. குழாய் நம் காலத்தது. ஆக ஒரு டம்ளர் தண்ணீர் சோழர் காலம், ஆங்கிலேயர் காலம், நம் காலம் மூன்றையும் கடந்து வந்திருக்கிறது. வரலாறு ஒரு புத்தகத்திலும் புவியியல் இன்னொரு புத்தகத்திலும் இருப்பதாக நினைத்த பிள்ளைக்கு இது போதும்.

மதுரைப் பக்கம் என்றால் வைகையையும் முல்லைப் பெரியாறையும் எடுங்கள். மேற்கே அரபிக்கடலுக்குப் போகவேண்டிய தண்ணீரை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து 1895இல் கிழக்கே திருப்பினார்கள் என்றால் எந்தப் பிள்ளையும் "எப்படி?" என்று கேட்காமல் இருக்காது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பிள்ளைகளுக்குத் தாமிரபரணி. தமிழ்நாட்டு மலையிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலில் கலக்கிற ஆறு. ஆறே இல்லாத ஊர்களில் ஏரியோ கண்மாயோ இருக்கும். கரைமேல் கூட்டிக்கொண்டு போய் தண்ணீர் வரும் வரத்துக்கால் எது, திறந்துவிடும் மதகு எங்கே, நிறைந்தால் வழியும் கலங்கல் எங்கே, அந்த உபரி நீர் அடுத்து எந்த ஏரிக்குப் போகும் என்று ஊர்க்காரர் யாரையாவது வைத்தே சொல்லவைக்கலாம். திரும்பி வந்து அதைப் பிள்ளைகளே வரையட்டும். அளவு தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, பின்னாளில் அட்லஸைப் பார்க்கும்போது அது வெறும் கோடாகத் தெரியாது.

மழையைச் சொல்ல ஒரு தட்டில் ஈர மணல் போதும். மேற்கே உயரமாக மலைத்தொடரைக் குவித்து, பாலக்காட்டுக் கணவாய்க்கு ஒரு இடைவெளியும் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு ஒரு இடைவெளியும் விட்டு, மேற்கிலிருந்து விசிறினால் காற்று எங்கே நுழைகிறது என்று கையை வைத்தே உணரலாம். ஜூன், ஜூலையில் கேரளத்தில் கொட்டும்போது நமக்கு ஏன் அவ்வளவு மழை இல்லை, நமக்கு ஏன் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில் ஏன் அத்தனை காற்றாலைகள் என்பதெல்லாம் அந்தத் தட்டிலேயே புரியவைக்கலாம்.

காலம்தான் கஷ்டம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நூறு வருஷமும் ஆயிரம் வருஷமும் ஒன்றுதான். ராஜராஜ சோழனும் பாட்டியின் சின்ன வயசும் ஏறக்குறைய ஒரே "அந்தக் காலம்". இதற்கு நான் கயிற்றைப் பயன்படுத்துகிறேன். ஒரு மீட்டர் என்பது நூறு வருஷம் என்று வைத்துக்கொண்டு மைதானத்தில் நீளமாகக் கயிற்றை விரித்து, ஒரு முனையில் "இன்று" என்று ஒரு பிள்ளை நிற்கவேண்டும். தமிழ்நாடு என்று பெயர் மாறிய 1969 அரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டி வரும். மேட்டூர் அணை ஒரு மீட்டருக்குள்ளேயே. தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிந்த 1010க்குப் பத்து மீட்டர் நடக்கவேண்டும். கீழடியில் கிடைத்தவற்றைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோகிறது தமிழ்நாடு தொல்லியல் துறை, அதற்கு இருபத்தைந்து மீட்டருக்கும் மேல் ஓடவேண்டும். கீழடியில் நிற்கிற பிள்ளை அங்கிருந்து கத்திக் கேட்கும், "பெரிய கோயில் இவ்வளவு கிட்டயா இருக்கு?" என்று. ஆமாம், கீழடியிலிருந்து பார்த்தால் ராஜராஜன் நமக்குத்தான் பக்கம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பெருமையாகச் சொல்லும் இடங்களில் கேள்வியையும் சேர்த்துச் சொல்லுங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை முறையை வகுப்புத் தலைவர் தேர்தலாகவே நடத்தலாம், ஓலைக்குப் பதில் துண்டுச்சீட்டு, ஒரு பானை, சின்னப் பிள்ளை ஒன்று கையை விட்டு எடுக்கவேண்டும். எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கு முன் கல்வெட்டு சொல்லும் தகுதிகளைப் படித்துக் காட்டுங்கள். சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35 முதல் 70 வயது, வேதம் படித்திருக்கவேண்டும், முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. இதில் நம் வகுப்பில் யார் யாருக்குச் சீட்டு கிடைத்திருக்காது என்று கேட்டால் பிள்ளைகள் அவர்களாகவே பேச ஆரம்பித்துவிடுவார்கள். கணக்குக் காட்டாதவர் நிற்கக்கூடாது என்பதற்குக் கைதட்டுவார்கள், நிலம் இல்லாதவர் நிற்கக்கூடாது என்றால் கோபப்படுவார்கள். இரண்டும் சரிதான். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது பிள்ளைகளுக்கு நாம் செய்யும் அநியாயம்.

மாநில எல்லையையும் இந்த வயதிலேயே தொட்டுவிடலாம். பழைய சென்னை மாகாண வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1953இல் ஆந்திரம் பிரிந்தது, 1956 நவம்பர் 1 அன்று மலபார் போனது, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்தன, 1960இல் திருத்தணி வந்தது. குமரிக்காக நேசமணியும் திருத்தணிக்காக ம.பொ.சி.யும் போராடியதையும், தமிழ்நாடு என்ற பெயரையும் ஒரு கோரிக்கையாக வைத்துச் சங்கரலிங்கனார் 1956இல் உண்ணாவிரதம் இருந்து உயிரையே விட்டதையும் சுருக்கமாகவாவது சொல்லத்தான் வேண்டும்.

இப்படி மாநிலம் மாறிய ஊர்ப் பக்கம் பாடம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1956இல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது ஏறக்குறைய எண்பது வயது. பிள்ளைகளை அவர்களிடம் அனுப்புங்கள், ஆனால் "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு தாத்தா?" என்று கேட்கச் சொல்லாதீர்கள், "நல்லா இருந்துச்சுப்பா" என்பதோடு முடிந்துவிடும். பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாக நடந்தீர்கள், எந்த மொழியில் பாடம் நடந்தது, எங்கே குளித்தீர்கள், மாநிலம் மாறினதை யார் வந்து சொன்னார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். பதில்களை எழுதி, அவர் சொன்ன வழியை வரைபடத்தில் குறித்து, தேதி போட்டு வகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இதை அடுத்த வருஷம் என்று தள்ளிப்போடாமல் இந்தப் பருவத்திலேயே செய்யுங்கள்.