நிறத்தை விடுங்கள், இணைப்பைப் பாருங்கள்: இஸ்லாமியக் கட்டடக்கலைத் தாள் எழுதிய அனுபவம்

முதுகலை கலை வரலாற்றில் இஸ்லாமியக் கட்டடக்கலைத் தாளின் முடிவுகள் சென்ற வாரம் வெளிவந்தன. தேர்ச்சி பெற்றுவிட்டேன், எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண்ணே கிடைத்தது. ஆனாலும் அந்த வினாத்தாளை நினைத்தால் எரிச்சல் இன்னும் தணியவில்லை. ஓடு பதிப்பு அலங்காரம் பற்றிய பட வினாக்கள் அத்தனையையும் மங்கலான கறுப்பு வெள்ளை நகல்களாக அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். நீலம், பச்சை, தக்காளிச் சிவப்பு என்று நிறங்களை நம்பிப் படித்தவர்கள் தேர்வறையில் என்ன செய்வார்கள் என்று வினாத்தாள் தயாரித்தவர் ஒரு கணமும் யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கு அதனால் பெரிய இழப்பில்லை. தொடக்கத்திலிருந்தே நிறங்களைவிட ஓடுகளுக்கு நடுவே செல்லும் இணைப்புக் கோடுகளைப் பார்த்தே படித்துவந்தேன். இந்தத் தாளுக்கு நான் தரக்கூடிய முதன்மையான அறிவுரை அதுதான்.

இணைப்புக் கோடு எங்கே செல்கிறது என்பதைக் கொண்டு வேலை செய்த முறையைச் சொல்லிவிடலாம். முறை தெரிந்துவிட்டால் காலமும் ஊரும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். நிறம் மாறும் இடத்திலெல்லாம் இணைப்பும் இருந்தால், அது ஈரானியர் முஅர்ரக் என்று சொல்லும் வெட்டு மொசைக். ஒரே நிற ஓடுகளைச் சுட்டெடுத்து, இலையாகவும் கொடியாகவும் எழுத்தாகவும் வெட்டி, துண்டு துண்டாகச் சேர்த்து அமைப்பது இம்முறை. ஒவ்வொரு நிறத்தையும் அதற்கேற்ற வெப்பத்தில் சுட முடிவதால் அதன் ஆழம் குறைவதில்லை. தப்ரீஸ் நகரின் நீலப் பள்ளிவாசல் (1465) இதற்கு மிகச் சிறந்த சான்று. கொடி தன்போக்கில் வளைந்து செல்ல, அதைப் பொருட்படுத்தாமல் சதுர இணைப்புகள் குறுக்கே வெட்டிச் சென்றால், அது ஹஃப்த் ரங்கி. ஒரே சதுர ஓட்டின் மேல் பல நிறங்களை இட்டு, அவை ஒன்றோடொன்று கலந்துவிடாதபடி மாங்கனீசும் கொழுப்பும் சேர்ந்த கலவையால் இடையில் கோடிழுத்து, எல்லாவற்றையும் சேர்த்தே சூளையில் சுடுவார்கள். கொழுப்பு எரிந்துபோன பின் அந்த இடத்தில் மெருகற்ற கருங்கோடு எஞ்சும்.

வினாத்தாளில் இருந்த ஒரு படத்தில், ஓர் இலையின் பாதி ஓர் ஓட்டிலும் மறுபாதி அடுத்த ஓட்டிலும் இருந்தன. இரண்டும் பொருந்துமிடத்தில் இலையின் விளிம்பு மயிரிழை அளவு விலகியிருந்தது. ஒவ்வோர் இதழையும் சுற்றி அந்த மங்கிய கோடும் தெரிந்தது. கட்டட வளைவின் அளவையும் சேர்த்துப் பார்த்து, 1611இல் ஈரான் மன்னர் ஷா அப்பாஸ் தொடங்கிய இஸ்ஃபஹான் ஷா பள்ளிவாசல் என்று எழுதினேன். அத்தனை பெரிய பரப்பை விரைவாகவும் குறைந்த செலவிலும் மூட வேண்டியிருந்ததே இம்முறை அங்கே மேலோங்கக் காரணம் என்பதையும் ஒரு வரி சேர்த்தால் மதிப்பெண் கூடும். ஆனால் கருங்கோட்டைக் கண்டதும் இஸ்ஃபஹான் என்று பாய்ந்துவிடக் கூடாது: இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே துருக்கியிலுள்ள பூர்சாவின் பச்சைப் பள்ளிவாசலில் தப்ரீஸ் கைவினைஞர்கள் இதே போன்ற முறையைக் கையாண்டிருக்கிறார்கள்.

மற்றவற்றுக்கு என் குறிப்பேட்டில் இருந்தவை இவ்வளவுதான்:

– வெள்ளைத் தளம், மெருகுக்கு அடியில் தூரிகைக் கோடுகள், துலிப் மலர், நீண்டு வளைந்த ரம்பப்பல் இலை: துருக்கியின் இஸ்னிக் ஊர் ஓடுகள். இஸ்தான்புல்லின் ருஸ்தம் பாஷா பள்ளிவாசலை ஒன்றுக்கு நான்கு படங்களாகப் பாருங்கள்.
– எட்டுமுனை விண்மீனும் சிலுவையும் மாறி மாறி: ஈரானின் காஷான், 13ஆம் நூற்றாண்டு.
– வெறும் செங்கற்களுக்கு நடுவே மெருகிட்ட செங்கல் கோண எழுத்தாக: பன்னாயி என்னும் முறை. சமர்கந்து.
– கனசதுரக் கண்ணாடிச் சில்லுகள்: டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசல், உமையா கலீபாக்களின் காலம்.

மொராக்கோவின் ஸெல்லிஜ் வேலையை இந்தப் பட்டியலில் ஒரு வரியாக அடக்க எனக்கு மனம் வரவில்லை. மெருகிட்ட சதுர ஓடுகளைக் கனத்த கூர்ச்சுத்தியலால் கொத்தி, நேர்விளிம்புள்ள சிறு துண்டுகளாக்குவார்கள். ஒவ்வொரு துண்டின் பக்கமும் பின்புறம் நோக்கி உள்ளே சரிவாகச் செதுக்கப்பட்டிருப்பதால், முன்முகத்தில் இடைவெளியே தெரியாமல் அவை ஒட்டி நிற்கும். மெருகிட்ட முகம் தரையைப் பார்க்கும்படி அடுக்கி, மேலே காரையை ஊற்றிப் பலகையாக்கிய பிறகே சுவரில் ஏற்றுவது வழக்கம். அதுவரை கைவினைஞர் தம் வடிவத்தைத் தலைகீழாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஃபெஸ் நகரின் அத்தாரீன் மத்ரஸாவில் (1323–25) சுவரின் கீழ்ப்பகுதியில் ஸெல்லிஜும், அதற்கு மேல் சுதை வேலையும், உச்சியில் தேவதாரு மரச் செதுக்கலும் வரும் வரிசையை நினைவில் வையுங்கள். இந்த வரிசையைப் பார்த்தே மக்ரிப் (வடமேற்கு ஆப்பிரிக்கா) பகுதி என்று எழுதிவிடலாம்.

வரைபட வினாவைப் பலரும் கைவிடுகிறார்கள். எனக்கோ தாளில் பிடித்ததே அதுதான். கவராயமும் அளவுகோலும் போதும். ஒரு வட்டத்துக்குள் ஒரு சதுரம், அதையே 45 பாகை திருப்பி இன்னொரு சதுரம் என்று வரைந்தால் எட்டுமுனை விண்மீன் வந்துவிடும். பத்துமுனை வடிவங்களுக்கு வட்டத்தை 36 பாகை வீதம் பிரியுங்கள். துணைக் கோடுகளை அழிக்கவே அழிக்காதீர்கள். அமைப்பு விளங்கியிருக்கிறது என்பதற்கு அவையே சாட்சி. 

கிரீ வடிவங்கள் (விண்மீன்களும் பலகோணங்களுமாகப் பின்னிச் செல்லும் கோட்டு அலங்காரம்) பற்றிய கட்டுரை வினாவில் இயற்பியலாளர்கள் பீட்டர் லூவும் பால் ஸ்டைன்ஹார்ட்டும் 2007இல் வெளியிட்ட ஆய்வை எல்லோரும் எழுதுவார்கள். பத்துகோணம், ஐங்கோணம், நீண்ட அறுகோணம், சாய்சதுரம், வில்முடிச்சு வடிவம் ஆகிய ஐந்து பலகோணங்களையும் அவற்றின் எல்லாப் பக்கங்களும் ஒரே நீளம் என்பதையும் வரைந்து காட்டுங்கள். இஸ்ஃபஹானின் தர்ப்-இ இமாம் தலத்தில் (1453) பெரிய அளவில் ஒன்றும் அதற்குள் சிறிய அளவில் ஒன்றுமாக ஒரே அமைப்பு இரு படிநிலைகளில் வருவதே அவர்கள் வாதத்தின் மையம். அதைவிட்டு, ஒரே ஒழுங்கு சீராகத் திரும்பத் திரும்ப வராமல் தளத்தை நிரப்பும் ஓட்டமைப்பு என்ற கணிதவியலர் பென்ரோஸின் கண்டுபிடிப்பை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார்கள் என்று முழங்கினால் திருத்துபவர் எளிதில் ஏற்கமாட்டார். அந்த வாதத்துக்கு மறுப்புகளும் எழுந்துள்ளன.

கட்டடத்தின் ஆண்டும் ஓடுகளின் ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை வைத்தும் கேட்கிறார்கள். ஜெருசலேமின் பாறைக் குவிமாடம் 691–92இல் எழுந்தது. உள்ளே உமையா காலக் கண்ணாடி மொசைக். வெளிச்சுவர் மொசைக்கை நீக்கி ஓடு பதிக்கச் செய்தவர் 16ஆம் நூற்றாண்டின் உஸ்மானிய சுல்தான் சுலைமான். இன்று வெளியே காண்பவற்றில் பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டில் மாற்றியமைத்தவை.

இந்தியத் துணைக்கண்டப் பகுதிக்கு லாகூர் வஸீர் கான் பள்ளிவாசலோடு நிறுத்திவிடாமல், ஆக்ராவின் சீனீ கா ரௌஸாவையும் பீதரில் மஹ்மூத் கவான் கட்டிய மத்ரஸாவையும் (1472) சேர்த்துக்கொள்ளுங்கள். பீதர் மத்ரஸாவின் எஞ்சியிருக்கும் மினாரில் வளைந்து வளைந்து ஏறும் கோண வரிகள் கறுப்பு வெள்ளை நகலிலும் தெளிவாகத் தெரியும்.