அலுவலக மின்னஞ்சலை வீட்டுக்கு அனுப்பிய கதை

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் கணினிப் பொறுப்பு முழுவதையும் நான் ஒருவனாகப் பார்த்துவந்த காலத்தில்தான், 2020 மார்ச் 24 இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அதுவரை எங்கள் மின்னஞ்சல் அலுவலகச் சுவர்களுக்குள்ளேயே இருந்தது. கணக்குப் பிரிவை ஒட்டிய சிறு அறையில் ஒரு லினக்ஸ் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து 46 பேர், பாப்3 என்ற பதிவிறக்க முறையில், தங்கள் கணினியின் அவுட்லுக் என்ற அஞ்சல் மென்பொருளுக்கு அஞ்சல்களை இறக்கிக்கொள்வார்கள். வெளியூரில் இருப்பவருக்கு அஞ்சல் வேண்டுமென்றால் உடன் வேலை செய்பவர் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருந்ததில்லை.

ஊரடங்கின் முதல் வாரத்திலேயே ஐரோப்பிய பையர்கள் ஆர்டரை நிறுத்தச் சொல்லியும், ஷிப்மென்ட் தேதியைத் தள்ளச் சொல்லியும் எழுதத் தொடங்கியதால், பையர்களோடு பேசி ஆர்டர்களை நடத்தும் மெர்ச்சண்டைசர்கள் அனைவருக்கும் வீட்டிலேயே மின்னஞ்சல் தேவைப்பட்டது. யோசிக்க நேரமில்லாமல் நான் செய்த முதல் வேலை, அலுவலக வலையமைப்பைக் காக்கும் ஃபயர்வாலில், பாப்3க்கான வாசலான 995 போர்ட்டைத் திறந்துவிட்டு, வீட்டுக் கணினிகளில் அவுட்லுக்கை எப்படி அமைப்பது என்று ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தது. பாப்3 அஞ்சலை இறக்கிய கையோடு சர்வரிலிருந்து அழித்துவிடக்கூடியது. அவ்வாறு அழிக்காமல் இருக்க, அமைப்புகளுக்குள் ஆழத்தில் கிடக்கும் ஒரு சிறு கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைச் சொன்ன நான், ஒருவருக்குச் சொல்ல மறந்துவிட்டேன். தொழிற்சாலை பகுதியளவு திறந்தபோது, எந்த அளவில் எத்தனை உடை என்ற அளவு விகிதத்தை மாற்றச் சொல்லி பையர் அனுப்பியிருந்த அஞ்சல் அந்த ஒருவருடைய தம்பியின் மடிக்கணினியில் மட்டுமே இருந்தது. அலுவலகக் கணினி காலியாகக் காட்டியது. கட்டிங் பழைய விகிதத்தில் நடந்து முடிந்திருந்தது. மீடியம் அளவில் வெட்டிய துணி அடுக்கைக் கட்டிங் மாஸ்டர் என் மேசைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் முறையாக வழி தேடத் தொடங்கினேன். அலுவலகக் கணினியையே வீட்டிலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவிடும்படி நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஒரு மாலையில் அதற்கான 3389 போர்ட்டை இணையத்துக்குக் காட்டினேன். மறுநாள் காலையில் பதிவேட்டில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான தோல்வியுற்ற நுழைவு முயற்சிகள் வரிசையாக நின்றன. காபி ஆறுவதற்குள் அதை மூடினேன்.

அடுத்தது, வெளியே இருக்கும் கணினியைப் பாதுகாப்பான தனிப்பாதை வழியே அலுவலக வலையமைப்புக்குள் கொண்டுவரும் வி.பி.என். கருத்தளவில் இன்றும் எனக்குப் பிடித்த வழி அதுதான்; வெளியுலகுக்கு ஒரே ஒரு வாசல் தெரியும், அஞ்சல் சர்வர் உள்ளேயே மறைந்திருக்கும். ஓப்பன்வி.பி.என். நிறுவி ஐந்து பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில், இரண்டு பேருக்கு இணைப்பு பச்சையாகக் காட்டியும் அஞ்சல் வரவில்லை. ஒன்றரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் வீட்டு ரவுட்டரும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையே கொடுத்துக்கொண்டிருந்தது, எங்கள் அலுவலகமும் அதே முகவரிகளில்தான் இருந்தது. ஆகவே அவர்களுடைய கணினி அஞ்சல் சர்வரைத் தங்கள் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, பிரிண்டர்கள், வருகைப் பதிவு இயந்திரம் உட்பட அலுவலகம் மொத்தத்தையும் 10 என்று தொடங்கும் முகவரிகளுக்கு மாற்றினேன். அலுவலக வலையமைப்பைப் புதிதாக அமைப்பவர்கள் 192.168.0, 192.168.1 இரண்டையும் முதல் நாளே தவிர்த்துவிட வேண்டும் என்று கேட்காதவர்களிடமும் சொல்லிவருகிறேன்.

வி.பி.என். மடிக்கணினி வைத்திருந்தவர்களுக்கு நன்றாகவே வேலை செய்தது. எங்களில் பாதிப் பேர் மின்னஞ்சலைத் தொலைபேசியில்தான் படிப்பார்கள் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. திரை அணைந்ததும் இணைப்பு அறுந்துவிடும். புதிய அஞ்சல் வந்த அறிவிப்பு வராது. பையருக்குப் பதில் ஒரு நாள் தாமதமாகும். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கும் பயன்படும் வீட்டுக் கணினி ஒன்றை அலுவலக வலையமைப்புக்குள் விடுவதும் எனக்கு உறுத்தலாக இருந்தது.

ஆகவே கணக்குப் பிரிவினருக்கு உலாவியில் திறக்கும் வெப்மெயிலைக் கொடுத்தேன். அங்கேயும் ஓர் அடி விழுந்தது. ஒருவர் போலி நுழைவுப் பக்கம் ஒன்றில் கடவுச்சொல்லைத் தட்டிவிட, உள்ளே வந்தவன் எதையும் அழிக்காமல், ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் உள்ள அஞ்சல்களெல்லாம் வெளி முகவரி ஒன்றுக்கும் நகலாகப் போகும்படி ஒரு விதியை மட்டும் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தான். அனுப்பும் வரிசையில் அறிமுகமில்லாத முகவரி ஒன்று திரும்பத் திரும்ப வந்ததைப் பார்த்து நான் சந்தேகப்பட்டதால், வங்கிக் கணக்கு எண் மாற்றப்பட்ட போலி இன்வாய்ஸ் யாருக்கும் போவதற்குள் பிடித்துவிட்டோம். மற்றவர்களுடைய விதிகளையும் அன்று மாலையே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

அதுவரை ‘எந்த வழி சிறந்தது’ என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த நான், அதன் பின் 46 பேரின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே மூன்று விவரங்களைக் குறித்தேன்: கருவி யாருடையது, அஞ்சலின் நகல் அதில் தங்குமா, அது தொலைந்தால் நான் என்ன செய்ய முடியும். மூன்றாவது விவரத்துக்குப் பெரும்பாலும் பதிலே இல்லை. சொந்த சர்வரை வைத்துக்கொண்டு அந்தப் பதிலைத் தர என் ஒருவனால் ஆகாது என்று முதலாளியிடம் சொன்னேன். 2021 மார்ச்சில், நிறுவனங்கள் தாங்களே நடத்திவந்த, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் சர்வர்களின் ஓட்டைகள் வழியே உலகெங்கும் ஊடுருவல் நடந்த செய்தி வந்தபோது, எங்களிடம் இருந்தது எக்ஸ்சேஞ்ச் இல்லையென்றாலும், அவரே என்னை அழைத்து, வேறொரு நிறுவனம் இணையத்தில் நடத்தித் தரும் மேகச் சேவைக்கு மாறிவிடச் சொன்னார்.

மாறிய பிறகு அந்தத் தாளே வழிகாட்டியது. நிறுவன மடிக்கணினி உள்ள 17 பேருக்கு, வட்டு முழுவதும் மறைகுறியாக்கம் செய்த (சாவி இல்லாதவர் படிக்க முடியாத) நிலையில், அவுட்லுக். கணக்குப் பிரிவையும் அலுவலக நிர்வாகத்தையும் சேர்ந்த 9 பேருக்கு வெப்மெயில் மட்டும். மீதி 20 பேருக்குத் தொலைபேசிச் செயலி. பாப், அதைப் போன்ற இன்னொரு அஞ்சல் முறையான ஐமேப் இரண்டையும் எல்லோருக்கும் அணைத்துவிட்டேன். வெளி முகவரிக்குத் தானாக அஞ்சல் போவதையும் தடுத்தேன். கடவுச்சொல்லை மட்டும் வைத்து பாப், ஐமேப் வழியே நுழைவதை மைக்ரோசாஃப்ட் தன் மேக அஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 2022 அக்டோபர் 1 முதல் நிறுத்தத் தொடங்கியபோது, செய்தது சரிதான் என்று எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.

தொலைபேசிப் பிரிவினரிடம்தான் எதிர்ப்பு அதிகம் இருந்தது. தொலைந்தால் தொலைவிலிருந்தே அழிக்க முடியும் என்று நான் விளக்கியபோது, ஷிப்பிங் பிரிவில் இருக்கும் ஒரு பெண், “எம் பாப்பா போட்டோ எல்லாமும் போயிருங்களா சார்?” என்று கேட்டார். அப்போது நான் வைத்திருந்த அமைப்பில் உண்மையிலேயே போயிருக்கும். முழுத் தொலைபேசியும் வாங்கிய நாளின் நிலைக்குத் திரும்பியிருக்கும். அந்தக் கேள்விக்குப் பிறகு, அலுவலகச் செயலிகளைத் தனிப் பகுதியில் வைத்து, அந்தப் பகுதியை மட்டும் அழிக்கும் முறைக்கு மாற்றினேன். அவருடைய தொலைபேசியிலேயே சோதனையாக ஒரு முறை அழித்துக் காட்டினேன். படங்கள் இருந்தன. மற்ற 19 பேரையும் சம்மதிக்க வைத்தவர் அவர்தான்.

கடவுச்சொல்லுக்கு மேலான இரண்டாம் நிலைச் சரிபார்ப்புக்கு, 30 விநாடிக்கு ஒரு முறை மாறும் ஆறு இலக்க எண்ணைக் காட்டும் செயலியைக் கொடுத்தோம். அதற்கு சிக்னல் தேவையில்லை என்பதால் கோடவுனுக்குள்ளும் வேலை செய்யும். பட்டன் தொலைபேசி மட்டுமே வைத்திருக்கும் மூத்த கணக்காளருக்கு அந்த எண்ணுக்குப் பதிலாகக் கணினியில் செருகும் யுஎஸ்பி சாவி ஒன்றை வாங்கித் தந்தேன். அவர் அதை பீரோ சாவிக்கொத்திலேயே கோத்துக்கொண்டார். 2022 ஏப்ரலில், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும், ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொன்னதால், நுழைவுப் பதிவுகளைத் தனியே சேமிக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

போன வருடம் பேருந்தில் மடிக்கணினியைத் தவறவிட்ட மெர்ச்சண்டைசர் இரவு பத்து மணிக்கு அழைத்தார். அவர் அழைப்பை வைப்பதற்குள் அந்தக் கருவியின் நுழைவுகளை எல்லாம் துண்டித்துவிட்டேன். மடிக்கணினி இன்றுவரை கிடைக்கவில்லை. பாப் காலத்தில் அவுட்லுக் அஞ்சல்களைச் சேமித்துவைத்த பிஎஸ்டி கோப்புகள் மட்டும் இன்னும் ஒரு வெளி வட்டில் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. பழைய ஆர்டர் ஒன்றின் லேப் டிப் (சாய நிற மாதிரி) ஒப்புதலைத் தேடி, மாதம் ஒருவராவது வந்து அதைக் கேட்கிறார்.