நல்ல புல்லால் வந்த வினை

நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்த காலத்தில் நச்சுச்செடி என்றாலே எங்களுக்கு அவசரம்தான் நினைவுக்கு வரும். மழையில்லாமல் வாடி நின்ற இளஞ்சோளத்தை மேய்ந்த மாடு சற்று நேரத்தில் மூச்சு வாங்கிச் சாய்ந்துவிடும். ஓடிப்போய் ஊசி போட்டால் பிழைக்கும். அரளி தின்ற ஆட்டுக்கு அந்த அவகாசமும் பல சமயம் கிடைக்காது. எது நஞ்சு, எப்போது தின்றது என்பதை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போன பையனே சொல்லிவிடுவான்.

பவேரியாவின் தெற்கே, ஆல்ப்ஸ் அடிவாரத்துப் பால்பண்ணைகளில் வேலைக்கு வந்த பிறகுதான் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கொல்லும் ஒரு செடியைப் பார்த்தேன். அது களையும் இல்லை, நல்ல தீவனப்புல். கோல்ட்ஹாஃபர் என்பார்கள், தாவரவியல் பெயர் டிரைசீட்டம் ஃபிளாவசென்ஸ். மெல்லிய தண்டு, இலையில் பூனைமுடி மாதிரி ரோமம், கோடையில் பூக்கும்போது கதிரெல்லாம் பொன்னிறம். மாடுகள் விரும்பித் தின்னும். அதனாலேயே அதை விரும்பி விதைத்த பண்ணைகளும் உண்டு.

இதை அதிகமாகத் தின்னும் மாடு முதலில் பாலில் குறையும். அப்புறம் மெலியும். முதுகைக் கூனிக்கொண்டு, காலை மாற்றி மாற்றி ஊன்றி நிற்கும். படுத்தால் எழுந்திருக்க யோசிக்கும். சில மாடுகள் முன்னங்கால் முட்டியை மடித்து, மண்டியிட்டபடியே மேயும். காய்ச்சல் இருக்காது. தீவனத்தையும் ஒதுக்காது. தின்கிற மாடு ஏன் இப்படி இளைக்கிறது என்பதுதான் வீட்டாருக்குப் புரியாது.

எனக்கு இதில் மிகவும் வலிப்பது அடுத்து நடப்பதுதான். மெலிந்து, விறைத்து நடக்கும் கறவை மாட்டைப் பார்த்தால் யாருக்கும் என்ன தோன்றும்? கால்சியம் பற்றவில்லை, எலும்பில் பலமில்லை என்றுதான். நான் போய்வந்த ஒரு பண்ணையில் வயதான அம்மா ஒருவர், தன் கையாலேயே தாது உப்புக் கலவையும் வைட்டமின் டி-யும் தினமும் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். "நல்லதைத்தானே டாக்டர் போடுறேன்?" என்று கேட்டார். அந்த மாட்டுக்கு இருந்த நோயே வைட்டமின் டி மிஞ்சிப்போன நோய்.

சினை பார்ப்பது போலக் கையை உள்ளே விட்டு, முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெருந்தமனியைத் தொட்டேன். ஆரோக்கியமான மாட்டில் அது ரப்பர் குழாய் போல அமுங்கும், ஒவ்வொரு துடிப்புக்கும் விரலைத் தள்ளும். இந்த மாட்டில் விரலுக்கு அடியில் முண்டும் முடிச்சுமாக, வளையாத ஒரு குழாய் கிடந்தது. இரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் ஏறியிருந்தது. பிறகு பிரேதப் பரிசோதனையில் தமனியை நீளவாக்கில் கீறியபோது கத்தி நறநறவென்று அரைபட்டது. வழுவழுப்பாக இருக்க வேண்டிய உட்சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாய்த் தடித்த மேடுகள். இதயத்தின் உட்பரப்பு, நுரையீரல், சிறுநீரகம், கால் தசைநாண் எல்லாவற்றிலும் சுண்ணாம்புப் படிவு. விறைத்து நடந்ததற்கும், மூச்சு வாங்கியதற்கும் காரணம் கண்முன்னே கிடந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதை விளக்கினால் பண்ணைக்காரர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். வெயிலில் தோலில் உண்டாகும் வைட்டமின் டி அப்படியே வேலை செய்யாது. கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் நடந்த பிறகே கால்சிட்ரியால் என்ற வீரியமான வடிவத்துக்கு வரும். உடம்பில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் சிறுநீரகம் இந்த உற்பத்தியைக் குறைத்துவிடும். அதுதான் காவல். இந்தப் புல்லிலோ அந்த வீரியமான பொருளே தயாராக இருக்கிறது. சிறுநீரகத்தின் அனுமதி இல்லாமலே குடல் கால்சியத்தையும் பாஸ்பரஸையும் அள்ளி அள்ளி உள்ளே அனுப்புகிறது. எலும்பு வாங்கியது போக மிஞ்சியது போய்ப் படிய இரத்தக்குழாய்தான் கிடைக்கிறது.

இந்த முடிச்சு முதலில் அவிழ்ந்தது அர்ஜென்டினாவில். அங்கே புவெனஸ் ஐரிஸ் மாகாணத்தின் தாழ்ந்த, நீர் தேங்கும் மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் இதேபோல் வற்றிச் செத்தன. என்டெகே செகோ என்பது அந்த நோயின் பெயர். கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த சொலானம் கிளாக்கோஃபில்லம்தான் காரணம் என்பதை 1967இல் வொர்க்கர், கரில்லோ இருவரும் நேச்சர் இதழில் எழுதினார்கள். அந்தச் செடியை மாடு தேடிப்போய்த் தின்பதில்லை; உதிர்ந்த இலைகள் புல்லோடு கலந்து வாய்க்குள் போகின்றன. அதிலுள்ள பொருள் சர்க்கரையோடு பிணைந்த கால்சிட்ரியால்தான் என்று 1976இல் வாஸர்மன் குழு காட்டியது. ஃபுளோரிடாவில் குதிரைகளையும் மாடுகளையும் பாதித்த செஸ்ட்ரம் டயர்னம் செடியிலும் மறு வருடமே அது தெரியவந்தது. நம் ஊர்த் தோட்டங்களில் வளர்க்கும் நைட் குயினுக்கு உறவுக்காரச் செடி அது.

பப்புவா நியூ கினியில் இதே நோய்க்குக் காரணமென்று சொலானம் டோர்வம் சுட்டப்பட்டது. அதுதான் நம் சுண்டைக்காய்ச் செடி. இதைச் சொன்னால் வீட்டில் எல்லாரும் பதறுகிறார்கள். பதறத் தேவையில்லை. வத்தக்குழம்பில் விழும் சுண்டைக்காயும், மாடு நாள்தோறும் மேயும் தழையும் ஒன்றல்ல.

அர்ஜென்டினாவில் மந்தைகளை அழித்த அந்த இலையைப் பொடித்து மாத்திரையாக்கி, கன்று ஈனப்போகும் மாடுகளுக்குப் பால் காய்ச்சல் வராமல் தடுக்க இன்று ஐரோப்பாவில் விற்கிறார்கள். ஈன்றவுடன் கால்சியம் மொத்தமும் பாலுக்கு ஓடி, மாடு எழ முடியாமல் படுத்துவிடும் நோய் அது. அந்த நேரத்தில் குடல் வேகமாகக் கால்சியம் இழுக்க வேண்டும். சில நாளைக்கு மட்டும் இந்த இலை அதைச் செய்து கொடுக்கிறது. அளவும் நாளும் குறித்துக் கொடுக்கும்போது உதவுகிறது. வருடம் முழுக்க வாயில் விழும்போது கொல்கிறது. என் வேலையில் இதைவிட மதிப்பு வைத்திருக்கும் பாடம் எனக்கு வேறில்லை.

படிந்த சுண்ணாம்பைக் கரைக்க என்னிடம் மருந்து கிடையாது. தீவனத்தை மாற்றினால் நோய் முற்றாத மாடுகள் ஓரளவு தேறும், அவ்வளவுதான். ஆகவே தொழுவத்தில் நிற்பதைவிடப் புல்வெளியில் நடப்பதே எனக்கு முக்கிய வேலையாகிவிட்டது. கதிர் வந்த சமயத்தில் போய், எத்தனை பங்கு கோல்ட்ஹாஃபர் என்று பார்ப்பேன். உழுது வேறு புல் விதைக்கலாமே என்றால், எல்லா இடத்திலும் முடியாது. இந்தப் புல் நிறைந்த மலைப் புல்வெளிகள் பல, ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிடச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அரிய பூக்களும் பூச்சிகளும் அங்கேதான் வாழ்கின்றன. அவை அழிய வேண்டும் என்று எனக்கும் மனம் வராது. அதனால் அந்த அம்மாவின் பண்ணையில் வேறு ஏற்பாடு செய்தோம். அந்தச் சரிவில் பச்சையாக மேய விடுவதில்லை. அறுத்து வெயிலில் காயவைத்தால் வீரியம் குறையும் என்பதால் உலர்புல்லாக்கி, அடிவாரத்து வயலின் புல்லோடு கலந்து போடுகிறார்கள். தாது உப்புக் கலவையை, வைட்டமின் டி சேர்க்காததாகப் பார்த்து மாற்றிவிட்டோம்.