வட்டி எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது

சட்ட மேற்படிப்பான எல்.எல்.எம். ஆய்வேட்டுக்கு நான் எடுத்த தலைப்பு, ஈடு வாங்காமல் சிறு கடன் கொடுக்கும் நுண்கடன் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம். நூலகத்தில் உட்கார்ந்தே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். 2010-இல் ஆந்திர அரசு இந்த நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் போட்டது. 2011-இல், இந்தத் துறையை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகம் குழுவின் அறிக்கை வந்தது. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி, நுண்கடன் நிறுவனங்களின் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம், ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களுக்குக் கேரளம், குஜராத் மாநிலங்களின் கடன் கொடுப்போர் சட்டங்கள் பொருந்தாது என்றது. கடிவாளம் மாநிலத்தின் கையிலா, ரிசர்வ் வங்கியின் கையிலா என்ற வாதத்தை வைத்தே மூன்று அத்தியாயம் எழுதலாம்.

நெறியாளர் மேடம் என் சுருக்கத்தைப் படித்துவிட்டு, "இதுல கடன் வாங்குனவங்க யாருமே இல்லையேம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சரி என்று திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடலுக்கு பஸ் ஏறினேன்.

கடன் வாங்கியவர்களிடம் கேட்க நான் எழுதி வைத்திருந்த கேள்விகளில் முதல் கேள்வியே தப்பு. 'உங்கள் கடனுக்கு ஆண்டு வட்டி எத்தனை சதவீதம்?' திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா மடியிலிருந்த சுளகை இறக்கவில்லை. இலையை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டிக்கொண்டே, "வாரம் எழுநூறு ரூவா கெட்டணும், அம்புட்டுதாம்மா" என்றார். அடுத்த நாலு வீட்டிலும் இதே பதில்தான்.

கேள்வியை மாற்றினேன். கையில் எவ்வளவு வந்தது, எத்தனை வாரம், வாரத்துக்கு எவ்வளவு? இப்படிக் கேட்டதும் பிசகாமல் சொன்னார்கள். பிடித்தம் போகக் கையில் வந்த தொகை வரை எல்லாருக்கும் மனப்பாடம். சதவீதத்தை நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். இதில் கவனம் வேண்டும். முழுத் தொகைக்கும் கடைசி வரை 12 சதவீதம் என்று வட்டி போட்டு, ஒரே ஆண்டில் சம தவணையாக வாங்கினால், குறைந்துவரும் அசலுக்கு அது 21 சதவீதத்துக்கு மேல் ஆகிவிடும். உண்மையான ஆண்டு வட்டியைக் கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்று 2022 விதியே சொல்கிறது.

அதே விதிதான், குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக்கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் பீடிக்கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. இலை மோசமாக வந்த வாரம் எண்ணிக்கை படுத்துவிடும். மாத வருமானம் என்று படிவத்தில் என்ன எழுதினார்கள் என்று கேட்டேன். "அத அந்தத் தம்பிதான எழுதுனாரு" என்று நிறுவனத்து ஊழியரைச் சொன்னார்கள்.

ஒருநாள் திரும்ப நேரமாகிவிட்டது. மணி ஏழரை. சேர்ந்து கடன் வாங்கிய குழுவின் தலைவி வீட்டு முற்றத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தவணை கட்டவில்லை. அந்தப் பணம் வரும்வரை யாரும் எழுந்திருக்கக்கூடாதாம். மாலை ஆறு மணிக்கு மேல் கடன் கேட்டு போன்கூடப் போடக்கூடாது என்று விதி. ஒரு பிள்ளை அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி தூங்கிப்போயிருந்தது. அன்றைக்கு பஸ்ஸில் என்னால் குறிப்பு எழுத முடியவில்லை.

ஆய்வேட்டை எழுதி முடித்தது, பிறர் எழுத்தை எடுத்தாண்டிருக்கிறோமா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை எல்லாம் வழக்கம்போல.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் ஒன்றைத்தான் விடாமல் கேட்டார். "விதிய மீறுனா அந்தம்மா எங்க போய்ச் சொல்லணும்?" முதலில் நிறுவனத்தில் எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் என்றேன். "இது முக்கூடல்ல யாருக்குத் தெரியும்?" நான் பேசிய ஒருத்தருக்கும் தெரியாது. அதையே ஒரு பக்கமாக எழுதிச் சேர்க்கச் சொன்னார். என் ஆய்வேட்டில் நான் மதிக்கிற பக்கம் அதுதான்.

அப்புறம் அந்தப் பக்கத்தை எளிய தமிழில் சுருக்கி, 14448 என்ற ரிசர்வ் வங்கி உதவி எண்ணைப் பெரிதாக எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, கடன் அட்டை வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரிலேயே வைத்தார்.

"வெள்ளிக்கெழம கூட்டத்துல நீயே வந்து வாசிச்சிரும்மா."