வண்டி ஓட்டும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து வரும் போன்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவனுக்குச் சாலையைவிட, ஓட்டுகிறவரின் கண்தான் முக்கியம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எனக்கென்று இருக்கும் இரண்டாவது பிரேக் மேல் பாதத்தை லேசாக வைத்துக்கொண்டு, பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் பார்வை எங்கே போகிறது என்று கவனிப்பதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. கை தப்பாகத் திரும்பினால் வாயால் சொல்லித் திருத்திவிடலாம். கண் இருக்கவேண்டிய இடத்தில் இல்லையென்றால் சொல்ல நேரம் இருக்காது, மிதித்துவிட வேண்டியதுதான்.

புதிதாக ஓட்டுகிறவர்கள் பானெட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் சாலையைத்தான் பார்ப்பார்கள். தலை அசையாது. பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி ஒன்று இருப்பதே பாதி நேரம் நினைவில் இருக்காது. இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். 1972இல் மூரன்ட், ராக்வெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓட்டுநர்களின் கண் அசைவுகளைப் பதிவுசெய்து இதையே எழுதினார்கள்: புதியவர்கள் வண்டிக்கு அருகிலேயே பார்க்கிறார்கள், இரு பக்கமும் பார்வையை ஓட்டுவது குறைவு, கண்ணாடியைப் பார்ப்பதும் குறைவு. காரணம் சோம்பல் இல்லை. கிளட்சை எவ்வளவு விடவேண்டும், எந்த கியரில் இருக்கிறோம், ஸ்டீயரிங் நேரானதா இல்லையா என்பதிலேயே அவர்களுடைய கவனம் முழுக்கத் தீர்ந்துபோகிறது.

கைகால் பழகுவதற்குச் சில வாரம் போதும். நின்றிருக்கும் பஸ்ஸுக்கு முன்பக்கத்திலிருந்து யாராவது குறுக்கே வரக்கூடும் என்று முன்கூட்டியே ஊகிக்கிற பழக்கம் வர வருடங்கள் ஆகும். பிரிட்டனில் 2002 முதல் இந்த ஊகிக்கும் திறனை மட்டும் தனியாகச் சோதிக்கிறார்கள். நியூசிலாந்து 1987லேயே லைசென்ஸைப் படிப்படியாகக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. புதியவர் இரவில் தனியாக ஓட்டக்கூடாது, நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகக்கூடாது என்று ஆரம்பகாலக் கட்டுப்பாடுகள் அதில் உண்டு. லைசென்ஸ் கைக்கு வந்து, பக்கத்து சீட் காலியான முதல் சில மாதங்கள்தான் இருப்பதிலேயே ஆபத்தான காலம் என்பதைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு அது.

அந்தக் காலத்தில்தான் போனும் கூட வருகிறது.

வகுப்பு தொடங்கும்போது போனை டேஷ்போர்டு பெட்டிக்குள் போடச் சொல்வது என் வழக்கம். ஒரு பையன் மறந்துபோய் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். நன்றாக ஓட்டுகிற பையன், பயிற்சி முடியும் தறுவாயில் இருந்தான். நேர்ச் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது பையில் போன் அதிர்ந்தது. அவன் கை ஸ்டீயரிங்கை விட்டு நகரவில்லை. ஆனால் ஆக்ஸிலேட்டரில் இருந்த கால் தளர்ந்தது, வண்டி மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது. கண் சாலையைப் பார்த்தபடிதான் இருந்தது, ஆனால் எதன்மேலும் நிற்கவில்லை. முன்னால் ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையில் இறங்கினார். நான் மிதித்தேன். வண்டி நின்ற பிறகுதான் அவருடைய சைக்கிளையே இவன் பார்த்தான்.

"நான் போனை எடுக்கவே இல்லையே மாஸ்டர்" என்றான். உண்மைதான், எடுக்கவில்லை. யாராக இருக்கும், எதற்காக இருக்கும் என்று யோசித்திருக்கிறான், அவ்வளவுதான். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கார் ஓட்டவைத்து அல்ல, கணினியில் கவனத்தைச் சோதிக்கும் ஒரு வேலையைக் கொடுத்து. போனைத் தொடாதவர்கள்கூட, அழைப்போ செய்தியோ வந்த ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் கூடுதலாகத் தவறு செய்தார்கள். பேசினவர்கள் செய்த தவறுக்கு அது ஏறக்குறைய ஈடாக இருந்தது. அந்தப் பையனுக்கு நான் திட்டு எதுவும் கொடுக்கவில்லை. வண்டியை ஓரங்கட்டி, யார் கூப்பிட்டது என்று பார்க்கச் சொன்னேன். அவனுடைய அம்மா.

அந்த அழைப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் தூரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் பிள்ளைகளுக்கு நேரம் புரிகிறது, தூரம் புரிவதில்லை. "ரெண்டே செகண்டு மாஸ்டர், யாருன்னு பார்த்துட்டு வச்சிருவேன்" என்பார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் வண்டி ஓடிவிடும். ஒரு செய்தியைப் படித்துப் பதில் தட்டுகிறவரின் கண் ஒவ்வொரு 6 நொடியிலும் சுமார் 4.6 நொடி சாலையில் இல்லை என்று வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2009இல் கண்டது. லாரிகளில் கேமரா பொருத்தி, நிஜ ஓட்டத்தைப் பதிவுசெய்து எடுத்த கணக்கு அது. 60 கிலோமீட்டர் வேகத்தில் 4.6 நொடி என்றால் 77 மீட்டர். அதைப் பிள்ளைகளிடம் வாயால் சொல்லிப் பயனில்லை. பயிற்சி மைதானத்தில் இறக்கி நடக்கவைப்பேன். நடக்க நடக்க, "இன்னும் வரலையா மாஸ்டர்?" என்று திரும்பித் திரும்பிக் கேட்பார்கள். வந்து சேர்ந்ததும், "இவ்வளவு தூரமும் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவியா?" என்று மட்டும் கேட்பேன். அதற்கு மேல் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் தனி.

காதில் மாட்டிக்கொண்டு பேசினால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை பெரியவர்களிடம்தான் அதிகம். யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், போனில் பேசுகிறவர்களையும் ரத்தத்தில் 0.08 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர்களையும் நிஜ வண்டியில் அல்ல, ஓட்டுவதுபோலச் செய்து பார்க்கும் கருவியில் ஓட்டவைத்தார்கள். போனில் பேசியவர்களின் தடுமாற்றம் குடித்தவர்களின் தடுமாற்றத்துக்குக் குறைந்ததாக இல்லை. போனைக் கையில் பிடித்திருந்தாலும் காதில் மாட்டியிருந்தாலும் வித்தியாசமும் இல்லை. கை சும்மா இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, கை அல்ல, காலியாக இருக்கவேண்டியது மனசு.

அப்படியானால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதும் தப்புதானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பக்கத்தில் இருக்கும் பெரியவருக்குச் சாலை தெரிகிறது. வளைவு வந்தால் பேச்சை நிறுத்துகிறார், "பார்த்து, லாரி வருது" என்கிறார். மறுமுனையில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. நீங்கள் நாற்சந்தியில் திரும்பிக்கொண்டிருக்கும்போதுதான் அவர், "என்ன, சத்தத்தையே காணோம்?" என்று கேட்பார். ஆனால் பக்கத்தில் இருப்பவரும் அதே வயதுக்காரர் என்றால் கதை வேறு. வண்டியில் ஏறும் நண்பர்களின் எண்ணிக்கை கூடக்கூட, 16, 17 வயது ஓட்டுநர் உயிரிழக்கும் அபாயமும் கூடுகிறது என்று 2000இலேயே அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது.

என் அனுபவத்தோடு மிகவும் ஒத்துப்போன ஆய்வு 2014இல் வந்தது. புதிதாக லைசென்ஸ் வாங்கிய இளைஞர்கள் 42 பேர், அனுபவசாலிகள் 109 பேர், இவர்களுடைய வண்டிகளில் கேமராவும் கருவிகளும் பொருத்தி நீண்ட காலம் கவனித்தார்கள். போனில் எண்ணை அழுத்தும்போது மோதலோ, மயிரிழையில் தப்பிப்பதோ நேரும் வாய்ப்பு இளைஞர்களுக்கு எட்டு மடங்குக்கு மேல் கூடியது. போனை எட்டி எடுக்கப்போனால் ஏழு மடங்கு. செய்தி தட்டினால் ஏறக்குறைய நான்கு மடங்கு. அனுபவசாலிகளுக்கு எண்ணை அழுத்துவது ஒன்றுதான் தெளிவாக அபாயத்தைக் கூட்டியது, அதுவும் இரண்டரை மடங்கு. என்னை உலுக்கியது இன்னொரு விவரம். இளைஞர்கள் தொடக்கத்தில் இப்படிப்பட்ட வேலைகளை வண்டியில் அதிகம் செய்யவில்லை. மாதங்கள் போகப்போகத்தான் கூடியது. பயம் தெளிந்ததும் கை போனுக்குப் போகிறது. பயம் தெளிந்துவிட்டது, ஊகிக்கும் திறன் இன்னும் வரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காலத்தில்தான் பிள்ளைகளை இழக்கிறோம். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் உயிரைப் பறிப்பதில் முதலிடம் சாலை விபத்துக்குத்தான்.

இனி அந்த அம்மாவின் அழைப்புக்கு வருகிறேன்.

வகுப்பில் ஓரங்கட்டிவிட்டு யார் கூப்பிட்டது என்று பார்க்கும்போதெல்லாம் நண்பனோ காதலியோ இருப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் வீடுதான். நண்பனின் செய்தியை வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கத் தெரிந்த பிள்ளைக்கு, அம்மா கூப்பிட்டால் எடுக்காமல் இருக்கத் தெரியாது. எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடுவார்கள், அப்புறம் அப்பா கூப்பிடுவார், வீட்டுக்குப் போனதும் விசாரணை நடக்கும். 2014இல் அமெரிக்க உளவியல் சங்க மாநாட்டில் வைக்கப்பட்ட ஓர் ஆய்வில், வண்டி ஓட்டும்போது போனில் பேசுவதாகச் சொன்ன பதின்வயதினரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பேசியது தாயிடமோ தந்தையிடமோதான். படித்தபோது எனக்கு வியப்பாக இல்லை.

ஆகவே இப்போதெல்லாம் பிள்ளையைச் சேர்க்க வரும்போதே பெற்றோரிடமும் உட்கார்ந்து பேசுகிறேன். ஒரு தாய் மகளைச் சேர்க்க வந்தார். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, "அவ எடுக்கலைன்னா எனக்கு உயிரே இருக்காது மாஸ்டர். என்னமோ ஏதோன்னு பதறும்" என்றார். அந்தப் பதற்றத்தை நான் மதிக்கிறேன், அது அன்பிலிருந்து வருவது. "நீங்க கூப்பிடுறது அவ நல்லா இருக்காளான்னு தெரிஞ்சுக்கத்தானேம்மா? அந்தக் கூப்பிடுறதே அவளை ஆபத்துல தள்ளும்னா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ நான் என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க" என்றார்.

நான் சொன்னது இதுதான். கிளம்பும்போது, சாவியைப் போடுவதற்கு முன்னால் அவள் ஒரு வரி அனுப்பட்டும்: கிளம்பிட்டேன். போய்ச் சேர்ந்து, வண்டியை நிறுத்தியபின் இன்னொரு வரி: வந்துட்டேன். நடுவில் யாரும் கூப்பிடவேண்டாம். போன் சத்தமில்லாமல், கைக்கு எட்டாத இடத்தில், பின்சீட்டில் பைக்குள் இருக்கட்டும். ஐபோனில் 2017 முதல் வண்டி ஓட்டும்போது அழைப்புகளையும் செய்திகளையும் தானாகவே அடக்கி, "ஓட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று பதில் அனுப்பும் வசதி இருக்கிறது. மற்ற போன்களிலும் இதுபோல உண்டு. அதைப் பிள்ளைக்குத் தெரியாமல் போட்டுவிடாதீர்கள், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து போடுங்கள். தப்பித்தவறி கூப்பிட்டு அவள் எடுத்துவிட்டால், முதல் கேள்வி "வண்டியிலயா இருக்க?" என்பதாக இருக்கட்டும். ஆமாம் என்றால் அந்த நொடியே வைத்துவிடுங்கள். "சரி, ஒரே ஒரு விஷயம்" என்று தொடராதீர்கள்.

அப்பாக்களிடம் கூடுதலாக ஒன்று சொல்வேன். என்னிடம் வருகிற பிள்ளை அன்றைக்குத்தான் ஓட்டக் கற்கத் தொடங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். அது பின்சீட்டில் உட்கார்ந்து பத்துப் பதினைந்து வருடம் பார்த்துவிட்டு வருகிறது. சிக்னலில் நின்றதும் தொடையருகே கை போகிறதே, அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கற்றுக்கொள்ள வந்த முதல் வாரத்திலேயே சில பிள்ளைகள் செய்கிறார்கள், கையில் போன் இல்லாதபோதும் கை மட்டும் போகும். முழங்கையால் ஸ்டீயரிங்கைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு பையனிடம் எங்கே பார்த்தாய் என்று கேட்டேன். "அப்பா பேசும்போது இப்படித்தான் பிடிப்பாரு" என்றான். அந்தப் பழக்கத்தைப் போக்க, கிளட்ச் கற்றுக்கொடுத்ததைவிட அதிக நாள் பிடித்தது.

எல்லாப் பெற்றோரும் கேட்பதில்லை. "வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுங்க, போதும்" என்று முகத்தைத் திருப்பியவர்கள் இருக்கிறார்கள். அதிகம் பேர் கேட்கும் கேள்வி, "அவசரம்னா என்ன செய்யறது மாஸ்டர்?" என்பது. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் செய்தியை, லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம் ஆன பிள்ளை, 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது காதில் வாங்கினால் அதன் கால் என்ன செய்யும் என்று என் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தெரியும். முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டைக் கூப்பிடுங்கள் என்று சொல்வேன். பிள்ளைக்கு "வண்டியை நிறுத்திட்டுக் கூப்பிடு" என்று ஒரு வரி மட்டும் அனுப்பிவையுங்கள். அது வண்டியை நிறுத்தும்போது பார்த்துக்கொள்ளும், நிதானமாகக் கூப்பிடும். அந்தச் சில நிமிடம் தாமதமானால் என்ன ஆகும் என்று என்னிடம் கேட்ட ஒவ்வொருவரிடமும், தாமதமாகாமல் போனால் என்னென்ன ஆகலாம் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் சேர்க்கைப் படிவத்தை நீட்டுகிறேன்.