பிஎச்பி 7 தந்த வேகம்

இணையதளங்களை எழுதும் நிரல்மொழியான பிஎச்பி-யின் 5-ஆம் பதிப்பில் வருடக்கணக்காக உழன்றவர்களுக்குத்தான் 7-இன் அருமை தெரியும். 2015 டிசம்பரில் வந்தது, நடுவில் 6 என்ற பதிப்பு வெளிவராமலே போனது. பழைய நிரலை அப்படியே வைத்துக்கொண்டே பல தளங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக ஓடின! டிமித்ரி ஸ்டோகோவ், சின்சென் ஹூய், நிகிதா போபோவ் மூவரும் உள்ளமைப்பையே புதிதாக எழுதினார்கள், 64 பிட் கணினியில் ஒவ்வொரு மதிப்புக்கும் 24 பைட் பிடித்த அமைப்பு 16 ஆனது, அரேயில் (மதிப்புகளின் பட்டியலில்) ஒவ்வொரு உறுப்பையும் வைக்கும் பக்கெட் 72 பைட்டிலிருந்து 32 ஆனது, மெமரிக்காக அலைவது அவ்வளவு குறைந்துவிட்டது. அப்புறம் மதிப்பு இல்லையென்றால் மாற்று மதிப்பை எடுத்துக்கொள்ளும் அந்த இரட்டைக் கேள்விக்குறி (??), மதிப்பு இருக்கிறதா என்று பார்க்க இஸ்செட் (isset) என்று நீட்டி எழுதிய வரிகளெல்லாம் பாதியானது எனக்குப் பெரிய நிம்மதி.

2020-இல் 8 வந்தபோது எல்லோரும் ஜிட் (JIT, நிரல் ஓடும்போதே அதை இயந்திர மொழிக்கு மாற்றும் வசதி) பற்றியே பேசினார்கள். சாதாரண இணையதளத்துக்கு அதனால் பெரிய லாபமில்லை, டேட்டாபேஸுக்குக் காத்திருப்பதில்தானே பாதி நேரம் போகிறது. ஒரு மதிப்பைப் பலவற்றோடு ஒப்பிட்டுப் பொருந்தும் விடையைத் தரும் மேட்ச் (match) வந்ததுதான் 8-இல் எனக்குப் பிடித்தது.